எந்த மணி கருகியது

பகல் ஒரு மணிக்கு, தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிய கோணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்த சந்திரிகா, முதலில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகுதான் சமையல்கட்டுக்குப் போனாள். அண்ணி வந்த ஒன்றரை வருடமாக அதுதான் பழக்கம்.

பின்சன்னல் ஓரத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்து, அவள் அண்ணி என்று கூப்பிடுகிற கணவனின் அக்கா சின்னத்தாய், மண் உருட்டிக்கொண்டிருந்தாள். வயலிலும் ஆற்றிலும் கிடைக்கிற மண் இல்லை அது. மெழுகுபோல் பிசைய வரும். சூட்டில் வைத்தால் கல்போல் இறுகிவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சிறு சிறு கட்டிகளாகத் தாளில் சுற்றித் தபாலில் வரும். வீட்டில் அதற்குச் 'சீமை மண்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சின்னத்தாயின் வலக்கையில் மூன்று விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி அப்படியே நின்றுபோனவை. இடக்கையில் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சொன்னபடி கேட்கும். அவற்றை வைத்துக்கொண்டு, உடைந்த சன்னல் கண்ணாடியின்மேல் அவள் மண்ணை உருட்டுவது, தூங்குகிற குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுப்பதுபோல் இருக்கும்.

"இது என்ன கலர் அண்ணி?"

"மழைக்கு முந்தி ஆத்துத் தண்ணி ஒரு மாதிரி இருக்குமே, அது. நீலத்துல துளியூண்டு மஞ்சள், கொஞ்சம் பழுப்பு. இன்னும் சரியா வரல."

ஈர்க்குச்சி கனத்தில் பல நிறக் கம்பிகளை உருட்டி, ஒன்றோடொன்று அடுக்கி, ஒரே தண்டாக அழுத்தி, சவர பிளேடால் மெல்லிசாக அரிந்தாள். அரிந்த ஒவ்வொரு வில்லையிலும் ஒரு பூ விரிந்திருந்தது. எத்தனை வில்லை அரிந்தாலும் உள்ளே இன்னும் பூ இருந்தது. சந்திரிகா தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். தகரக் கூரையின் வெக்கை, கையில் ஏறிய செம்பனை முள், வேலை வாங்குகிற மண்டோரின் சத்தம் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் யாருக்கோ நடப்பதுபோல் தூரமாகிவிட்டன.

மணிகளைச் சுடுவதற்கு மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் வைக்கிற தகர ஓவன் ஒன்று இருந்தது. தீபாவளிக்குக் கேக் சுட வாங்கியது. அதில் தட்டை வைப்பதும் எடுப்பதும் சந்திரிகாவின் வேலை. சின்னத்தாயின் விரல்களுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. "நெருப்புப் பக்கம் நீங்க போகக்கூடாது, நான் பாத்துக்கறேன்" என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

பதினைந்து வயதில் சின்னத்தாயின் முதுகில் உணர்ச்சியில்லாத ஒரு வெளுத்த படை தெரிந்தது. தொழுநோய் என்று சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து, அவர்கள் அப்போது இருந்த தோட்டத்தில் அந்தக் குடும்பத்தைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் யாரும் விடவில்லை. அவள் படுத்த பாயைப் பெற்ற தாயே முச்சந்தியில் போட்டு எரித்தாள். தம்பி தேவதாசுக்கு அப்போது பத்து வயது. அந்தப் புகை அவன் நெஞ்சுக்குள் எங்கோ தங்கிவிட்டது.

நோய் சில வருடங்களிலேயே குணமாகிவிட்டது. போவதற்கு வீடுதான் இல்லை. இருபது வருடம் அங்கேயே இருந்தாள். விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு தாதி அந்த வண்ண மண்ணைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். விரல் பாதிதான் நிமிர்ந்தது. ஆனால் சின்னத்தாய்க்கு ஒரு உலகமே கிடைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அந்தத் தாதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பொட்டலம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்தபின், செம்பனைப் பழ லோரி ஓட்டிக்கொண்டிருந்த தேவதாஸ், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்துக்கு வேலை மாறி வந்தான். இங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. அக்காவை அழைத்து வந்த நாளில் மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னான். "யாருக்கும் தெரியக்கூடாது, சந்திரி. தெரிஞ்சா மறுபடியும் குழாயடியில இருந்து ஆரம்பிக்கும்."

அடுத்த வீட்டு வேலம்மா விசாரித்தபோது, சந்திரிகாவுக்கு வாயில் வந்தது இதுதான்: "அவங்களுக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லக்கா. ஆள் பாத்தா பயந்துக்குவாங்க." அதன் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று சந்திரிகா நினைத்தாள்.

அந்த வருடம், எண்பத்தேழில், கோலசிலாங்கூரில் ஒரு கல்யாணம். அண்ணி செய்துகொடுத்த தோடும் மாலையும் போட்டுக்கொண்டு சந்திரிகா போயிருந்தாள். ஆற்று நிறத்து மணிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைப் பூ. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி சாப்பாட்டையே மறந்து பார்த்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை திலகம். ஊர் மாதர் சங்கத்துச் செயலாளரும் அவர்தான்.

"எங்கம்மா வாங்கின இத? கோலாலம்பூர்லயா?"

"வாங்கல டீச்சர். வீட்டுல செஞ்சது."

"யார் செஞ்சா?"

அண்ணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எந்த அண்ணி, எங்கே, ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று வரிசையாகக் கேள்விகள் வரும் என்று தோன்றியது. "நான்தான் டீச்சர்" என்று வந்துவிட்டது.

திலகம் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். முள் கீறிய, காய்ப்பேறிய கை. "தோட்டத்துல வேல செய்யற கையா இது? என்னம்மா நீ" என்றார். இதுவரை யாரும் சந்திரிகாவின் கையைப் பிடித்து அப்படிச் சொன்னதில்லை.

அங்கிருந்து அந்தக் கனவு தொடங்கியது. திலகம் டீச்சர் கேட்டார், டீச்சரின் தங்கை கேட்டார், பாசிர் பெனம்பாங்கில் மீன்கடை வைத்திருந்த சீனத்தி தன் மகளுக்குக் கேட்டாள். கடைத்தெருவில் பெயர் தெரியாதவர்கள் "மணி செய்யற சந்திரிகா" என்று கூப்பிட்டார்கள். பேருந்தில் திரும்பி வரும்போது சன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொள்வாள். நடுவில் பூ விரிந்த வில்லைகள் மிதக்கும். அவற்றைத் தானே அரிந்ததுபோல், கண்ணாடியின்மேல் தன் விரலே உருட்டியதுபோல் இருக்கும். வீடு வந்து அண்ணியைப் பார்க்கும்போதுதான் விழிப்பு வரும். அந்த நேரத்தில் சந்திரிகா எதையாவது தேடுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சின்னத்தாய்க்கு இது தெரியும். சந்திரிகாவே ஒருநாள் தட்டுத்தடுமாறிச் சொல்லியிருந்தாள்.

"அதனால என்ன. யார் காதுல தொங்குதுன்னு சொல்லு, அது போதும்" என்றாள் சின்னத்தாய். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்பாள். அந்த டீச்சர் கறுப்பா சிவப்பா, கழுத்து நீளமா, சீனத்தி மகளுக்கு முடி கட்டையா என்று கேட்டுக் கேட்டு, பார்க்காத முகங்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பாள்.

ஒரு சனிக்கிழமை திலகம் டீச்சர் ஆளனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூர் பொது மண்டபத்தில் மாதர் சங்கக் கூட்டம். நாற்பது பெண்கள் வருவார்கள். சந்திரிகா வந்து மேடையில் மணி செய்துகாட்ட வேண்டும், சில ஜோடித் தோடுகளும் வேண்டும் என்று செய்தி.

ஒரு வாரம் அண்ணியிடம் பழகிப் பார்த்தாள். கம்பி ஒரு பக்கம் தடித்தது, ஒரு பக்கம் அறுந்தது. பூ வரவேண்டிய இடத்தில் சேறு வந்தது.

"அழுத்தாத சந்திரி. உன் கை எங்கயோ ஓடப் பாக்குது. மண்ணு அப்படிக் கூட வராது."

"எனக்கு வராது அண்ணி."

சின்னத்தாய் கண்ணாடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தாள். பிறகு, கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டாள். "நானும் வரட்டுமா? பின்னால ஒரு நாற்காலியில உக்காந்துக்கறேன். முக்காடு போட்டுக்கறேன். யார் போட்டிருக்காங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

சந்திரிகா அடுப்புத் திரியைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். "சனம் கையப் பாக்கும் அண்ணி."

"ஆமால்ல. சரி லா, நீ போயிட்டு வந்து சொல்லு."

கூட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை நண்பகல். கடைசித் தட்டு ஓவனில் இருந்தது. வேலி ஓரமாக வேலம்மா கூப்பிட்டாள். நாளைக்கு அவளும் மண்டபத்துக்கு வருகிறாளாம். என்ன சேலை கட்டப்போகிறாய், மேடையில் மைக் இருக்குமா என்று பேச்சு நீண்டது. "நம்ம லயத்துல இருந்து ஒரு பேரு வெளிய தெரியுதுன்னா அது நீதான் சந்திரிகா" என்றாள் வேலம்மா. கேட்கக் கேட்கச் சந்திரிகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேகம் நகர்ந்து வெயில் மங்கி மறுபடி அடித்தது. அடுப்பு நினைவில் இல்லை.

ஓவன் இடுக்கில் புகை வந்தபோது சின்னத்தாய் இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. நாளைக்குப் போகவேண்டிய மணிகள். எழுந்து போய்த் தகரக் கதவைத் திறந்து தட்டை எடுத்தாள்.

நினைவு வந்து சந்திரிகா உள்ளே ஓடிவந்தபோது, சின்னத்தாய் சன்னல் வெளிச்சத்தில் தட்டை மடியோரம் வைத்துக்கொண்டு, மணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரம் எடுத்துட்டேன், சந்திரி. ஒண்ணும் ஆகல. ஆனா ஏதோ கருகின வாசன வருது பாரு. எந்த மணின்னுதான் தெரியல. ஒவ்வொண்ணா பாத்துட்டேன்."

சந்திரிகா மணிகளைப் பார்க்கவில்லை. தட்டைப் பிடித்திருந்த இடது உள்ளங்கையைப் பார்த்தாள். தோல் வெந்து, சுருண்டு, தகர விளிம்போடு ஒட்டியிருந்தது.

"அண்ணி, கைய எடுங்க."

"ஏன்?"

சந்திரிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சின்னத்தாய் தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். "அடடா, இதுதானா" என்றாள் மெதுவாக.

மருந்தகத்துக்குப் போகவேண்டாம் என்று சின்னத்தாய் கெஞ்சினாள். சந்திரிகா கேட்கவில்லை. ஈரத்துணியைச் சுற்றி, அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, லயத்து வரிசை வீடுகளின் நடுவழியாகவே நடத்திக் கூட்டிப்போனாள். வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

தோட்டத்து மருந்தகத்தில் மருத்துவ உதவியாளரான டிரெசர் நல்லசாமி காயத்தைக் கழுவினார். கழுவும்போது அவள் முகம் சுருங்கவில்லை. அவர் கை நின்றது. மடங்கிய வலக்கை விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "எந்த வருசம் குணமாச்சும்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

சின்னத்தாய் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, வெறும் கையாலேயே மருந்து தடவிக் கட்டத் தொடங்கினார்.

"சந்திரிகா, இவங்ககிட்ட இருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. அந்தக் கிருமி செத்து எத்தனையோ வருசமாச்சு. நரம்புதான் போனது, அது திரும்பி வராது. அதனால இவங்களுக்கு வீட்டுல இருக்கறவங்கதான் கண்ணா இருக்கணும். வலின்னு ஒண்ணு வந்து எச்சரிக்காது, தெரியுதா?" கட்டை முடிச்சுப் போட்டபடி, யோசனையாகக் கேட்டார். "ஆனா, புத்தி சரியில்லாதவங்கன்னுல்ல லயத்துல பேசிக்கிட்டாங்க. இவங்க தெளிவா பேசறாங்களே."

சந்திரிகாவுக்கு மருந்தகத்தின் சுவரெல்லாம் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

வெளியே வந்து, செம்பனை நிழலில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, சின்னத்தாய் கேட்டாள். "அப்படியா சொல்லி வச்சிருந்த?"

"ஆமா அண்ணி."

"அதான் யாரும் எட்டிப் பாக்கல. நான் என்னமோ, என் கை தெரிஞ்சிருச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்." கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் சந்திரிகாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டு வந்த தேவதாசிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாளை அண்ணியையும் அழைத்துப் போகப்போவதாகச் சொன்னாள். அவன் நெடுநேரம் அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழாயடி மறந்துபோச்சா உனக்கு?" என்றான் கடைசியில்.

"நான் அத பாக்கலங்க, நீங்க பாத்தீங்க. ஆனா இன்னைக்கு, வெந்த கையோட மணியத் தேடிக்கிட்டு இருந்தாங்க பாருங்க, அத நான் பாத்தேன். இனிமே என்னால முடியாது."

மறுநாள் காலையில் அவன் எழுந்து, அக்காவின் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தான்.

வந்த ஒன்றரை வருடத்தில் சின்னத்தாய் பேருந்து ஏறியது அன்றுதான். சன்னலோரம் உட்கார்ந்தாள். பனி விலகாத செம்பனைத் தோப்புகள் பின்னால் நகர்ந்தன. ஓரிடத்தில் ஆறு பக்கத்தில் வந்து, கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்து, மறுபடி மரங்களுக்குள் போய்விட்டது. ஊரை நெருங்கியதும் கடல்காற்று உப்போடு முகத்தில் அடித்தது. "நான் கலந்த கலர் தப்பு" என்றாள் சின்னத்தாய் கனவில் பேசுவதுபோல். "இன்னும் கொஞ்சம் வெள்ளை சேக்கணும்."

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எத்தனையோ காதுகளில் அவளுடைய தோடுகள். மேடையோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சின்னத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திலகம் டீச்சரின் கழுத்து அவள் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தது. நிறம் மட்டும் பொருந்தியிருந்தது.

சந்திரிகா மேடையில் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும். இந்த மணில ஒண்ணுகூட நான் செஞ்சதில்ல. எனக்கு உருட்டவே வராது. செஞ்சவங்க இதோ, எங்க அண்ணி சின்னத்தாய். சின்ன வயசுல தொழுநோய் வந்து, சுங்கை பூலோவுல இருந்து, குணமாகி வந்தவங்க. அத மறைக்கறதுக்காக நான் பொய் சொன்னேன். அவங்களப் புத்தி சரியில்லாதவங்கன்னுகூட சொன்னேன். நான் வேலியோரம் என் பெருமையக் கேட்டுக்கிட்டு நின்ன நேரத்துல, உங்களுக்குக் குடுக்கவேண்டிய மணிய எடுக்கப் போயி, அவங்க கை வெந்துபோச்சு."

மண்டபத்தில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் ஓசை. அந்த ஓசையைச் சின்னத்தாய்க்குப் பதினைந்து வயதிலிருந்தே தெரியும். ஒரு பெண் தோடுகளைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் விரல்களை அழுந்தத் துடைத்தபடி வெளியே போனாள். அவள் பின்னால் நாலைந்து பேர். அவர்கள் பின்னால் இன்னும் பலர்.

"போயிரலாம் சந்திரி" என்று எழுந்தாள் சின்னத்தாய்.

"உக்காருங்க அண்ணி."

திலகம் டீச்சரும் ஒரு தோட்டைக் கழற்றியிருந்தார். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் பயம் இருந்தது. வெட்கமும் இருந்தது. கடைசியில் மேடைக்கு வந்தார்.

"படிச்சவ நான். ஒட்டாதுன்னு புஸ்தகத்துல இருந்து புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். ஆனா நீ சொன்னதும் என் கை தானா காதுக்குப் போச்சு." கழற்றிய தோட்டை எல்லாரும் பார்க்க மறுபடி மாட்டிக்கொண்டார். திருகு சரியாக விழ நேரமாயிற்று. பிறகு சின்னத்தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "எங்களுக்குச் சொல்லிக்குடுங்கம்மா."

மீதமிருந்தது பதினோரு பேர். சின்னத்தாயால் எதையும் தொட முடியவில்லை. வாயால் சொன்னாள். பதினோரு பேரின் கைகள் உருட்டின. "அழுத்தாதீங்க. அது தன்னால வழி தேடிக்கும். நீங்க கூடவே போனா போதும்." சன்னல் வழியாக வந்த காற்றில் சேலைகள் அசைந்தன. யாரும் பேசாமல், ஏதோ தாலாட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள்போல் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் வில்லையில் அரைகுறையாக ஒரு பூ வந்தது. அவள் அதைச் சின்னத்தாயின் மடங்கிய கையில் கொண்டுவந்து வைத்தாள்.

வேலம்மா அந்தப் பதினோரு பேரில் இல்லை. வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அண்ணியோடு வந்த சந்திரிகாவைத் தனியே இழுத்தாள்.

"ஏன்டி இத சபையில போய்ச் சொன்ன? மறைச்சது மறைச்சதாவே இருந்திருக்கலாமே. நாளைக்கு லயத்துல யார் உன் வீட்டு வாசல் மிதிப்பா?"

"மிதிக்காட்டி போகட்டும்க்கா. அண்ணிக்கு வந்த நோய்க்கு மருந்து இருந்துச்சு, அது என்னைக்கோ போயிருச்சு. நமக்கு வந்திருக்கறதுதான் இன்னும் போகல. குணமான மனுசிய ஒளிச்சு வச்சேனே, அந்தப் பயம்தான் நோய். அது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டும். உங்ககிட்ட இருந்து எனக்கு, என்கிட்ட இருந்து உங்களுக்கு. நான் இன்னைக்கு அதுக்கு மருந்து சாப்பிட்டேன். கசப்புதான்."

பேருந்து வந்தது. கூட்டம். சின்னத்தாய்க்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. சந்திரிகா வேண்டுமென்றே நின்றுகொண்டாள். வேலம்மாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு நிறுத்தம் அப்படியே போயிற்று. ஐந்தாவது நிறுத்தத்தில், கால் வலித்ததோ வேறு எதுவோ, சேலையை ஒதுக்கிக்கொண்டு இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். வெகுநேரம் முன்னால் பார்த்தபடியே வந்தாள். பிறகு கட்டுப்போட்ட கையைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள். ஒன்றரை வருடத்தில் அவள் சின்னத்தாயிடம் பேசிய முதல் வார்த்தை.

சின்னத்தாய் சன்னலிலிருந்து திரும்பினாள்.

"கைக்கு வலி தெரியாது, தாயி" என்றாள். "மனுசங்க ஒதுங்கி உக்காந்தாத்தான் வலிக்கும்."

சிறிது நேரம் கழித்து வேலம்மா, விளிம்பிலிருந்து உள்பக்கமாக நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.